செப்டம்பரில் தைவான், ஒகினாவா: டைபூன் சீசனில் போகலாமா?

நீலவானம்:
செப்டம்பர் கடைசியில் வயதான அம்மா அப்பாவோடு முதலில் தைவான், அப்புறம் ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவா, அங்கிருந்தே ஊர் திரும்புவதாகத் திட்டம். டிக்கெட் இன்னும் போடவில்லை. டைபூன், அதாவது அந்தப் பக்கத்துப் பெரும் புயல், அடிக்கிற சீசன் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். மொத்தமாகத் தள்ளிப்போடுவதா, இல்லை போய்ச் சமாளித்துக்கொள்ளலாமா?

அலைவரிசை:
போகலாம். டைபூன் வருடம் முழுக்க உருவாகும்தான், ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம், ஒகினாவாவுக்கு ஆகஸ்டும் செப்டம்பரும் உச்சம். நிலநடுக்கம் மாதிரி சொல்லாமல் வருவதில்லை, சில நாள் முன்பே வரைபடத்தில் தெரிந்துவிடும். எனக்கு இடிப்பது உங்கள் வரிசைதான். ஒகினாவாவிலிருந்து நேராக ஊருக்கு விமானம் வைத்திருக்கிறீர்கள், அது ரத்தானால் புயல் போன பிறகும் தேங்கிய கூட்டம் வடிய வேண்டும், இடம் கிடைக்காது. ஒகினாவாவை முன்னால் வைத்து தைவான் தலைநகர் தைபேயைக் கடைசிக்குத் தள்ளுங்கள், திரும்புவதற்கு முன் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். இன்சூரன்ஸை டிக்கெட்டோடு சேர்த்தே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் பொதுவாக அந்தப் புயலுக்குக் காசு வராது.

மழைக்குருவி:
ஜப்பான் வானிலை மையத்தின் படத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போகப்போகப் பெரிதாகும் அந்த வட்டங்களைப் பார்த்து புயலே வீங்குகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது புயலின் அளவு இல்லை, மையம் அந்த வட்டத்துக்குள் வர 70 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் மழை உங்களை விடாது.

அப்புறம், விமானம் கிளம்பினாலும் கிளம்பும் என்று விமான நிலையத்துக்குப் போய் உட்காராதீர்கள். 2018 செப்டம்பரில் ஜெபி புயலில் ஒசாகாவின் கான்சாய் விமான நிலைய ஓடுபாதையில் கடல்நீர் ஏறியது, கரையோடு இணைக்கும் பாலத்தில் ஒரு டேங்கர் கப்பல் வந்து மோதியது, ஆயிரக்கணக்கானோர் ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தார்கள்.

தெற்குக்காற்று:
இரண்டு பேரும் கொஞ்சம் லேசாகச் சொல்கிறீர்கள். எல்லாரும் காற்றைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். 2013இல் ஹையான் புயலில் பிலிப்பைன்ஸின் டாக்லோபான் நகரில் அத்தனை சாவுக்கும் முக்கியக் காரணம் கடல் ஊருக்குள் ஏறியதுதான். அதனால் கடலோரத்தில் தாழ்வான இடத்தில் தரைத்தள அறை வேண்டாம். தைவானில் கிழக்கே ஹுவாலியன் பக்கம் மலைச்சாலை என்றால் புயல் கடந்த பிறகும் அவசரப்படாதீர்கள். 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் சரிவுகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன, மழை நின்றபிறகும் மண் சரியும். திடீரென்று காற்று அடங்கி வானம் வெளுத்தால் போட்டோ எடுக்க வெளியே ஓடாதீர்கள். புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம், அடுத்த காற்று எதிர்த் திசையிலிருந்து வரும்.

நீலவானம்:
சரி, வரிசையை மாற்றிவிடுகிறேன். மொழி தெரியாத இடத்தில் எச்சரிக்கை எப்படிப் புரியும்?

மழைக்குருவி:
ஜப்பானில் 'சேஃப்டி டிப்ஸ்' என்று ஓர் ஆப் இருக்கிறது, ஆங்கிலத்தில் எச்சரிக்கை வரும், கிளம்புமுன்பே போட்டுக்கொள்ளுங்கள். தைவானில் அந்தந்த நகர, மாவட்ட நிர்வாகம் புயலுக்கு விடுமுறை அறிவிக்கும், பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரியே. ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள். ஜப்பானில் எச்சரிக்கை 1 முதல் 5 வரை. 4 வந்தால் ஆபத்தான இடத்தில் இருக்கிற எல்லாரும் வெளியேற வேண்டும், 5 என்றால் ஏற்கெனவே தாமதம். ஆனால் வயதானவர்கள் 3லேயே கிளம்ப வேண்டும், நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான்.