முப்பது சதவீதம் போட்டிருந்ததே!

குழு: கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள்

மே மாதம், வியாழன்

மாலை 5:42
கதிர்: (படம்)
கதிர்: பாருங்க எல்லாரும். கொப்பரைக்கு 3000 தேங்காய் உடைத்துப் போட்டது. இரண்டு நாள் வெயில் கண்டு இன்றைக்குத்தான் பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்று வந்தது. மூணே காலுக்குப் பிடித்த மழை அரை மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டது. களம் முழுக்கக் குளம்.

பெரியம்மா: நான் ஒருத்தி எத்தனை பக்கம் ஓடுவது? தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை பறக்கிறது.

தங்கமணி அத்தை: ஐயோ. இங்கே வேலந்தாவளத்தில் ஒரு சொட்டு இல்லையே. துணியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கிறது.

கதிர்: வானிலை ஆப்பில் காலையில் மழைக்கு 30 சதவீதம் என்றுதான் போட்டிருந்தது. வராது என்பதற்கு 70. அதை நம்பித்தான் தார்ப்பாயை விரிக்காமல் சித்தூர் போனேன்.

பெரியப்பா: மத்தியானமே ஆனைமலைப் பக்கம் கருக்கல் கட்டியது. போனைக் குனிந்து பார்க்கிறவனுக்கு வானம் எங்கே தெரியும்?

பெரியப்பா: நிவேதா அம்மிணி, நீ புனேயில் இதைத்தானே ஆராய்ச்சி பண்ணுகிறாய்? நஷ்டத்தை யார் கொடுப்பார்கள் என்று உன் கம்ப்யூட்டரிடம் கேட்டுச் சொல்.

மாலை 6:20
நிவேதா: இப்போதுதான் பார்த்தேன் பெரியப்பா. அண்ணா, நனைந்ததை உடனே மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். குவித்து வைத்தால் ராத்திரிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கதிர்: அதெல்லாம் ஆயிற்று. ஆப் ஏன் பொய் சொன்னது, அதைச் சொல்லு.

நிவேதா: பொய் சொல்லவில்லை அண்ணா. 30 என்றால் வராது என்று அர்த்தமே இல்லை. ஐரோப்பிய வானிலை மையத்தில் ஒரே நாளின் வானிலையைக் கம்ப்யூட்டரில் 51 தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் கொடுக்கிற காற்று, ஈரம், வெப்பத்தைத் துளித்துளி மாற்றிக் கொடுப்பார்கள். 51 ஓட்டத்தில் 15இல் மழை பெய்தால் அது ஏறக்குறைய 30 சதவீதம். அந்த 15இல் ஒன்று இன்றைக்கு உங்கள் களத்துக்கு வந்துவிட்டது.

வாத்தியார் மாமா: துளி மாற்றினால் மழையே மாறிவிடுமா?

நிவேதா: மாறும் மாமா. 1961இல் லோரென்ஸ் என்ற வானிலை ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டருக்கு 0.506127 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரம் பழைய கணக்கோடு ஒட்டியே போனது, அப்புறம் சம்பந்தமே இல்லாத வேறு வானிலையாகப் போய்விட்டது.

வாத்தியார் மாமா: நான் பையன்களிடம் தசமத்துக்குப் பின் மூன்று இடம் போதும் என்று முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தேன்.

தங்கமணி அத்தை: நடுவில் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சீருக்கு எத்தனை வண்டி?

பெரியம்மா: இரண்டு. அதை ராத்திரி போனில் பேசலாம்.

வாத்தியார் மாமா: அம்மிணி, காற்று ஓட்டத்துக்கான நவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. சமன்பாடு கையில் இருந்தும் எங்கே தப்புகிறது?

நிவேதா: அதை அப்படியே தீர்க்க முடியாது மாமா. வானத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பம், ஒரு ஈரம், ஒரு காற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். இப்படிக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் முறையைத்தான் மாடல் என்கிறோம். நம் நாட்டு மாடலில் கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் அதை 6 கிலோமீட்டர் ஆக்கினார்கள்.

வாத்தியார் மாமா: பாதியானால் வேலை நாலு மடங்கு.

நிவேதா: எட்டு மாமா. நேரத்தையும் பாதியாக வெட்ட வேண்டும். கணக்கு நேரத்தில் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் காற்று ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டால் கணக்கு வெடித்துவிடும். கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்று மூன்று பேர் 1928இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால்.

கதிர்: 6 கிலோமீட்டர் என்றால் நம் களம் எங்கே?

நிவேதா: களம் கிடையாது அண்ணா. தோட்டமும் கிடையாது. கொழிஞ்சாம்பாறை ஊரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். சித்திரை வைகாசியில் இடியோடு வரும் மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். கட்டத்தைவிட மேகம் சின்னது என்றால் மாடலுக்கு அது கண்ணில் படாது. இவ்வளவு சூடும் ஈரமும் இருந்தால் உள்ளே இத்தனை மேகம் கொதித்திருக்கும் என்று ஒரு விதி வைத்து மதிப்பிடும். பாராமீட்டரைசேஷன் என்று பெரிய பெயர். நான் இரண்டு வருஷமாக மல்லுக்கட்டுவது அதோடுதான். அத்தை வீட்டில் துணி காய்ந்ததும் நம் களம் நனைந்ததும் இப்படித்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கோடை மழையிடம் செல்லாது.

கதிர்: பாலக்காடு ஜில்லாவுக்கு மஞ்சள் அலர்ட் என்று வருகிறதே, அதுவும் இப்படித்தானா?

நிவேதா: அட்டப்பாடியும் நெல்லியாம்பதியும் நாமும் ஒரே ஜில்லா. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நிறம்.

பெரியப்பா: பாலக்காட்டில் கொட்டும்போது இங்கே தூறல்கூட இருக்காது. இது தெரியாமல் என்ன மாடல்?

நிவேதா: இன்னும் ஒன்று கேளுங்கள் பெரியப்பா. உலகம் முழுவதற்கும் நூறு வருஷத்துக்கு ஓட்டுகிற காலநிலை மாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கட்டம் 100 கிலோமீட்டர். மலைத்தொடருக்கு நடுவே இருக்கிற நம் பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30. வடக்கே தொட்டபெட்டா 2637 மீட்டர், தெற்கே ஆனமுடி 2695 மீட்டர், நடுவில் பள்ளத்தில் நாம். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் மலையும் குட்டையாகும், பள்ளமும் மேடாகும். அந்த மாடலில் பாலக்காட்டுக் கணவாயே கிடையாது.

பெரியப்பா: கணவாயே இல்லையா? அப்போ ஆடி மாசம் எங்கள் வாழையைச் சாய்க்கிற மேல்காத்து எந்த வழியாக வருகிறது?

வாத்தியார் மாமா: பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலையும் சும்மாவா சுற்றுகிறது!

நிவேதா: எங்கள் ஆபீசில் நானும் அதைத்தான் கேட்டேன் மாமா. அதற்குத்தான் நம் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சின்னக் கட்டத்தில் தனியாக ஓட்டிப் பார்க்கிறோம். மூன்று கிலோமீட்டருக்கு வந்தால் கணவாயில் காற்று நெருக்கிக்கொண்டு ஓடுவது அழகாகத் தெரியும். முதல் தடவை அந்தப் படம் வந்தபோது பெரியப்பா வாழைத்தோப்பு ஞாபகம்தான் வந்தது.

இரவு 8:15
வாத்தியார் மாமா: கம்ப்யூட்டர் இல்லாமல் யாராவது கையால் போட்டுப் பார்த்தார்களா?

நிவேதா: ரிச்சர்ட்சன் என்று ஓர் ஆங்கிலேயர் போட்டார் மாமா. முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் வேலை பார்த்துக்கொண்டே. ஏற்கெனவே கடந்துபோன 1910 மே 20ஆம் தேதிக்கு, ஆறே மணி நேரத்துக்கான கணிப்பு. போட்டு முடிக்க ஆறு வாரம் பிடித்தது. விடை, காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்றைக்கு அது கிட்டத்தட்ட அசையவே இல்லை.

வாத்தியார் மாமா: கூட்டலில் பிழையா?

நிவேதா: இல்லை மாமா. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றும் அழுத்தமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. சமன்பாடு சரி, கொடுத்த சரக்கு கோளாறு. கணக்குத் தாள் போரில் தொலைந்து, பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்திருக்கிறது. இவ்வளவு தப்பான விடையை 1922இல் மறைக்காமல் புத்தகமாகவே போட்டார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். 1950இல் எனியாக் கம்ப்யூட்டரில் போட்டபோது ஒரு நாள் கணிப்புக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆனது.

வாத்தியார் மாமா: மழை நின்ற பிறகு மழை வரும் என்பது. நம் கதிர் மாதிரி.

கதிர்: மாமா!!

கதிர்: சரி, கதை போதும். நாளைக்கு எத்தனை சதவீதம் போட்டால் நான் மூட வேண்டும்? 50ஆ?

நிவேதா: அது மழைக் கணக்கு இல்லை அண்ணா, உங்கள் காசுக் கணக்கு. மூடித் திறக்க ஆள் கூலி எவ்வளவு?

கதிர்: இரண்டு ஆள், 600.

நிவேதா: நனைந்தால்?

கதிர்: வியாபாரி கிலோவுக்கு 20 ரூபாய் குறைப்பார். 450 கிலோ வரும். 9000.

வாத்தியார் மாமா: 600 கீழ் 9000. பதினைந்தில் ஒன்று.

நிவேதா: அவ்வளவுதான் மாமா. கிட்டத்தட்ட 7 சதவீதம். அதற்கு மேல் எது போட்டாலும் மூடுவதுதான் லாபம். கல்யாண வீட்டுக்குக் குடை எடுப்பவருக்கு வேறு எண், கொப்பரை போடுகிறவருக்கு வேறு எண். 30 போட்டிருந்ததே அண்ணா, நான்கு மடங்குக்கு மேல்!

பெரியப்பா: ஆப்பை நம்பிக் கெட்டான் என்று நினைத்தேன். நம்பாமல் கெட்டிருக்கிறான்.

கதிர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிவேதா: மத்தியானம் ஒரு தடவை கொச்சி ராடார் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எந்த மாடலையும்விட அது மேல். பெரியப்பா பார்த்த கருக்கல் அதில் சிவப்பாகத் தெரியும்.

சனிக்கிழமை

மதியம் 1:50
கதிர்: ஆப்பில் 10 சதவீதம். தார்ப்பாய் போட்டாயிற்று. (படம்)

மாலை 6:05
பெரியப்பா: ஒரு சொட்டு இல்லை. 600 ரூபாய் காற்றோடு போயிற்று.

நிவேதா: போகட்டும் பெரியப்பா. பதினைந்து நாள் இப்படிச் சும்மா மூடினாலும் 9000தான் ஆகும்.

பெரியம்மா: பதினைந்து நாளும் மத்தியானமே மூடி வைத்தால் கொப்பரை எப்போது காயும் அம்மிணி?

நிவேதா: அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை பெரியம்மா.

கதிர்: அப்போ நாளைக்கு மூடுவதா, வேண்டாமா?