மைட்டோகாண்ட்ரியல் ஏவாள்: அப்போது வேறு பெண்களே இல்லையா?

வைகைக்கரை:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். இன்று உயிரோடு இருக்கும் எல்லாருமே ஆப்பிரிக்காவில் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே பெண்ணின் வழி வந்தவர்களாம், விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாம், பெயர்கூட மைட்டோகாண்ட்ரியல் ஏவாள். அப்படியானால் அவளுக்கு முன்னால் மனிதர்களே இல்லையா? ஆதாம் எங்கே போனார்? நான் காமர்ஸ் படித்தவன், எளிமையாகச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:
பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும். அவள் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள், அவளுக்கும் அம்மா இருந்தாள். முதல் மனுஷியும் இல்லை, மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த நம் இனத்து எலும்புகளுக்கே ஏறத்தாழ 3 லட்சம் வயது.

மைட்டோகாண்ட்ரியா என்பது நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் குட்டி உறுப்பு, அதற்கென்று தனியாக ஒரு குட்டி டிஎன்ஏ உண்டு, மொத்தம் 16,569 எழுத்துகள்தான். அது அம்மாவிடமிருந்துதான் வரும். மகனுக்கும் கொடுப்பாள், ஆனால் அவனால் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. குலதெய்வம் அப்பா வழியில் வருகிறதல்லவா, அது அம்மா வழியில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் 20 பெண்கள், ஆளுக்கொரு தெய்வம். ஒருத்திக்குப் பிள்ளை இல்லை, இன்னொருத்திக்கு எல்லாம் ஆண்பிள்ளைகள். மகன்கள் காலத்துக்கு அப்புறம் அவள் தெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஆளில்லை, ஆனால் அவள் பேரன் பேத்திகள் அதே ஊரில் நன்றாகத்தான் இருக்கிறார்கள், தங்கள் அம்மாவின் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், அவ்வளவுதான். இப்படியே ஆயிரக்கணக்கான தலைமுறை போனால் கடைசியில் ஒரே தெய்வம்தான் மிஞ்சும். அந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாக் கிளையும் முதன்முதலில் ஒன்றுசேரும் இடத்தில் நிற்பவள்தான் ஏவாள். மற்ற பெண்களின் ரத்தமும் நம்மிடம் இருக்கிறது, வேறு வழியில் வந்திருக்கிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள், அதில் அம்மாவின் அம்மாவின் அம்மா என்று நேராகப் போவது ஒரே ஒருத்திதான்.

கொடிக்கால்:
இதைக் கண்டுபிடித்த விதம் இன்னும் சுவாரசியம். ரெபேக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு. 147 பேரின் டிஎன்ஏ, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் கிடைத்த நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்தது. கொடிவழியை நஞ்சுக்கொடியிலேயே தேடியிருக்கிறார்கள்! ஆனால் ஒரு ஓட்டை இருந்தது, ஆப்பிரிக்கர் என்று கணக்கில் சேர்த்த 20 பேரில் 18 பேர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். பலர் இதைப் பிடித்துக்கொண்டு கிழித்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தபோதும் மரத்தின் வேர் அங்கேதான் போய் நின்றது.

வைகைக்கரை:
குலதெய்வக் கணக்கு புரிந்துவிட்டது, நன்றி. சரி, ஆதாம்?

நுண்ணோக்கி:
அவரைக் கண்டுபிடிப்பது ஒய் குரோமோசோமை வைத்து, அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் டிஎன்ஏ தொகுப்பு. கணக்கு அதேதான், ஆனால் இருவரும் ஜோடி இல்லை, சந்தித்திருக்கவே தேவையில்லை, இடையில் பல்லாயிரம் ஆண்டுகள் இருக்கலாம். 2013இல் தென் கரோலினாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கரின் ஒய் குரோமோசோம் எந்தக் கிளையிலும் ஒட்டவில்லை. தேடிப் போனால் கேமரூனில் எம்போ மக்களிடம் அதே வகை. ஆதாமின் வயது ஒரேயடியாக 3.38 லட்சம் என்றார்கள், பிறகு மறுகணக்கில் குறைந்தது. ஆக, ஆதாம் ஏவாள் என்பது நிரந்தரப் பதவி இல்லை. ஒரு பழைய கிளை அற்றுப்போனாலோ புதிதாக ஒன்று அகப்பட்டாலோ ஆள் மாறிவிடும்.

எலும்புக்கூடு:
தாய்வழியை மட்டும் பார்த்தால் ஏமாறவும் செய்வோம். 1997இல், அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியாண்டர்தாலின் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவைப் படித்தபோது இன்றைய மனிதர் யாரோடும் ஒட்டவில்லை, கலப்பே இல்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். 2010இல் முழு மரபணுத் தொகுதியைப் படித்ததும் கதை மாறியது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களிடம் 1 முதல் 4 சதவீதம் நியாண்டர்தால் பங்கு. நியாண்டர்தால் பாட்டியின் மைட்டோகாண்ட்ரியா இன்று யாரிடமும் கிடைக்கவில்லை, மற்ற டிஎன்ஏ நம்மிடமே இருக்கிறது, அதாவது உங்கள் சித்தப்பாவிடமும்.

வைகைக்கரை:
அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிக் குழுவில் போட்டேன். நீல டிக் விழுந்து இரண்டு மணி நேரம் ஆகிறது, பதில் இல்லை.