ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டாருக்கு எந்த கம்பி போடலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, பினாங்குல இருந்து எழுதுறேன், கொஞ்சம் உதவி வேணும். என்னோடது 30 இஞ்ச் ஷார்ட் ஸ்கேல் பேஸ் (கம்பி நீளம் வழக்கமான 34 இஞ்ச விட கம்மி), கோயில் பஜனையில ஆர்மோனியம் தபேலாவோட வாசிக்கிறேன். இப்ப போட்டிருக்கிறது நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (மேல உருண்டை கம்பி சுத்தினது), சத்தம் பளிச்சுன்னு இருக்கு ஆனா விரல நகர்த்தும்போதெல்லாம் கீச்சுன்னு ஸ்பீக்கர்ல கேக்குது, அமைதியா போற பாட்டுல ரொம்ப உறுத்துது. ஈ கம்பி வேற தொளதொளன்னு ஆடுது, ஸ்கேல் சின்னதுன்னா இழுவை கம்மிதானே. நம்ம ஊரு புழுக்கத்துல வேர்வை பட்டு துருவும் பிடிக்குது.

ஃப்ளாட்வவுண்ட் (மேல தட்டையா பட்டை சுத்தினது) போட்டா கீச்சு அடங்கும், கம்பியும் கொஞ்சம் விறைப்பா நிக்கும், ஆனா ட்ரஸ் ராட் (கழுத்து வளைவ சரிபண்ற உள் கம்பி) திருப்ப வேண்டி வரலாம். எனக்கு மனசு நைலான் டேப்வவுண்ட் (மேல நைலான் நாடா சுத்தினது) மேலதான். உள்ள ஸ்டீல் இருக்கிறதால பிக்கப் (கம்பி அதிர்வ பிடிக்கிற காந்தம்) எடுக்கும், வேர்வைக்கும் தாங்கும், டபுள் பேஸ் மாதிரி கும்முன்னு பேசும். தடிமன் ஜாஸ்தி, நட்ல (கழுத்து நுனியில கம்பி உக்கார்ற துண்டு) பள்ளத்த அராவணும், அது பரவால்ல.

என் கவலையெல்லாம் தபேலாவோட இடது கை சத்தம்தான், ரெண்டும் ஒரே கும்முல கலந்து பேஸ் காணாம போயிடுமா? இப்படி வாசிச்ச யாராவது சொல்லுங்க.

இங்க கடையில 34 இஞ்ச் செட்டதான் வெட்டி போட்டுக்கன்னு நீட்டுறாங்க, தடிச்ச பாகம் குமிழ்ல சுத்தினா கம்பி பிஞ்சிரும்லா. ஜார்ஜ் டவுன்லயோ கோலாலம்பூர்லயோ ஷார்ட் ஸ்கேல் செட் எங்க கிடைக்கும், எத்தன வெள்ளி ஆகும்?