கார்லூ மடுவுக்கு நடந்து செல்வது: முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்றதா?

கேள்வி: புதுநடை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிட்னிக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ராயல் தேசியப் பூங்காவுக்குள் கார்லூ என்று ஒரு மடு இருப்பதாக அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னது என் தவறு. அன்று முதல் 12 வயது மகனுக்கு அதே பேச்சாக இருக்கிறது. எங்களிடம் கார் இல்லை. ஹீத்கோட் ரயில் நிலையத்தில் இறங்கி அப்படியே காட்டுக்குள் நடந்துவிடலாம் என்பதால்தான் நானும் இந்த இடத்தை நினைக்கிறேன்.

நான், மனைவி, மகன் ஆகிய மூவரோடு, எங்களைப் பார்க்க வந்திருக்கும் 66 வயது மாமனாரும் வருவேன் என்கிறார். அவர் தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர்தான், ஆனால் சமதளத்தில் நடப்பவர். இடது முழங்காலில் அவ்வப்போது வலி உண்டு. மகன் நீச்சல் வகுப்பில் 50 மீட்டரை நிற்காமல் நீந்துகிறான். நானும் மனைவியும் அரைகுறை நீச்சல்காரர்கள்.

போய்வர எவ்வளவு நேரம் ஆகும், தண்ணீர் எவ்வளவு ஆழம், பாம்புகளைப் பற்றி எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும் என்ற மூன்றையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். இணையத்தில் கிடைக்கும் படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பாறையிலிருந்து குதிக்கிறார்கள்; அதிலிருந்து எனக்கு எதுவும் விளங்கவில்லை.

பதில் 1: மணற்பாறை

வணக்கம் நண்பரே. இந்தப் பாதையில் கோடையிலும் குளிர்காலத்திலும் பலமுறை நடந்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது, மடு பள்ளத்தில் இருக்கிறது. மலையேற்றங்களில் பெரும்பாலும் காலையில் தெம்பாக ஏறிவிட்டு, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே அது தலைகீழ். பேச்சும் சிரிப்புமாக இறங்கிவிட்டு, நீந்தி ஓய்ந்து, சாப்பிட்டு, பின்னர் பிற்பகல் வெயிலில் ஏற வேண்டியிருக்கும். இங்கே சிரமப்பட்டவர்களாக நான் பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பும் வழியில்தான் சிரமப்பட்டார்கள்.

நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி, தெருவில் சிறிது தூரம் நடந்தால் பாதை தொடங்கும் பலகை தெரியும். அங்கிருந்து மடு சுமார் 3 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் இது பூங்காவின் நடைபாதை அல்ல. படிபோல் உடைந்த மணற்பாறைகளும், வேர்களும், காலடியில் உருளும் சரளையும் கலந்த வழி. இறங்குவதற்கு ஒரு மணி நேரம் வையுங்கள், ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒரு ஓடையைக் கடந்து மேடேறி மறுபடி இறங்க வேண்டும் என்பதால், திரும்பும்போது ஏற்றம் இரண்டு தவணையாக வரும்.

வழி அழகானது என்பதையும் சொல்ல வேண்டும். புழு துளைத்த கோடுகள் யாரோ பென்சிலால் கிறுக்கியது போல் பட்டையில் ஓடும் ஸ்கிரிப்ளி கம் மரங்களை உங்கள் மகன் நின்று பார்ப்பான். வசந்த காலத்தின் தொடக்கத்தில் போனால், இந்த மாநிலத்தின் சின்னமாகிய வராட்டா மலரை அதன் சிவப்பு மங்குவதற்குள் பார்க்கலாம். சில இடங்களில் புல்மரங்களின் அடித்தண்டு கரியாக இருக்கும். அது பழைய தீயின் அடையாளம். 1994 ஜனவரியில் இந்தப் பூங்காவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிந்துபோனது. ஆகையால் கோடையில் கிளம்புவதாக இருந்தால், முதல்நாள் இரவும் அன்று காலையும் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பாதை மூடப்பட்டிருக்கிறதா என்றும், அன்றைய தீ அபாய அளவு என்ன என்றும் பார்த்துவிடுங்கள். அந்த அளவு 'எக்ஸ்ட்ரீம்' என்றோ 'கேட்டஸ்ட்ராஃபிக்' என்றோ இருந்தால் வீட்டிலேயே இருங்கள். பள்ளத்தில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்று நம்ப முடியாது, அங்கிருந்து வெளியேற விரைவான வழியும் கிடையாது.

குடிநீர்க் குழாய் எங்கும் இல்லை. ஆளுக்கு 2 லிட்டர் என்பது குறைந்தபட்சம். அதில் பாதியை ஏற்றத்துக்கென்று ஒதுக்கி, மடுவில் கைவைக்காமல் வைத்திருங்கள். கழிப்பறையும் இல்லை, எனவே நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதுண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனார் மெதுவாக நடந்தால் வந்துவிடலாம் என்பது என் எண்ணம். கைத்தடி இரண்டு இருந்தால் முழங்காலுக்கு உதவும்.

பதில் 2: நீரோட்டம்

நான் சில கோடைகள் ஒரு பொது நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக வேலை பார்த்தவன். நடையைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மகன் 50 மீட்டர் நீந்துகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 50 மீட்டர், அடியில் கறுப்புக் கோடு தெரியும், இளஞ்சூடான, கைநீட்டினால் விளிம்பைப் பிடிக்கக்கூடிய தண்ணீரில் நீந்தியது. கார்லூ மடு இருக்கும் கங்காரு ஓடையின் தண்ணீர் தேயிலைச் சாயம் போல் பழுப்பாக இருக்கும். அது அழுக்கு அல்ல. உதிர்ந்த இலையிலும் பட்டையிலும் உள்ள துவர்ப்புச் சாறு இறங்கிய நிறம். ஒரு குவளையில் மொண்டால் தெளிவாகத் தெரியும், ஆனால் இடுப்பளவுக்குக் கீழே உங்கள் பாதத்தை நீங்களே பார்க்க முடியாது. அதனால் ஆழம் எவ்வளவு என்ற உங்கள் கேள்விக்கு நான் ஓர் எண்ணைச் சொல்லப் போவதில்லை. மழைக்கு மழை அது மாறும், வெள்ளம் வரும்போது அடிமரங்களை உருட்டிக்கொண்டுவந்து வேறு இடத்தில் போட்டுவிட்டுப் போகும். போன மாதம் குதித்த இடம் என்பது இந்த மாதத்துக்குச் செல்லாது.

நானே பட்டிருக்கிறேன். வேறொரு மடுவில், முந்தைய ஆண்டு பத்து முறையாவது குதித்த அதே பாறையிலிருந்து காலை நீட்டிக் குதித்தேன். கணுக்கால் ஒரு கட்டையின் கவட்டையில் மாட்டி முறுக்கியது. தலை நீருக்கு மேலே இருந்ததால் பிழைத்தேன். அங்கிருந்து 2 கிலோமீட்டர் நண்பர்களின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு ஏறியதற்குச் சாட்சிகள் இன்றும் என்னைக் கேலி செய்கிறார்கள். ஆகையால் யாரும் குதிக்க வேண்டாம். பாறை சரிந்து நீருக்குள் இறங்கும் இடத்தில் உட்கார்ந்து, பின்பக்கத்தால் நகர்ந்து இறங்குங்கள். நீர்மட்டத்தை ஒட்டிய பாறையில் படர்ந்திருக்கும் கரும்பச்சைப் பாசி, எண்ணெய் தடவிய தரையைவிட மோசமாக வழுக்கும்.

இரண்டாவது, குளிர். கோடையில்கூட மேலே ஒரு முழத்துக்கு வெதுவெதுப்பாக இருந்து, அதற்குக் கீழே சட்டென்று சில்லிடும். திடீரென்று குளிர்நீரில் விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. நெஞ்சளவு நீரில் ஓரிரு நிமிடங்கள் நின்று, மூச்சு சீரான பிறகே கையை வீசச் சொல்லுங்கள். பெற்றோர் இருவரும் அரைகுறை என்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் மகன் உங்களால் நிற்க முடிகிற ஆழத்தைத் தாண்டிப் போகக்கூடாது, ஒருவர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த மெத்தைகளை நம்பாதீர்கள்; அளவான மிதவை அங்கி ஒன்று பையில் அதிக இடம் பிடிக்காது.

பலத்த மழை பெய்திருந்தால் சில நாட்கள் விட்டுவிட்டுப் போங்கள். ஓடை கடக்கும் இடத்தில் கல்லுக்கு மேலே தண்ணீர் ஓடினால், அங்கேயே திரும்பிவிடுவதுதான் சரி.

பதில் 3: செவிலி

பாம்பைப் பற்றிக் கேட்டவருக்கு. நான் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன், நடைப்பயணமும் உண்டு. அந்தக் காட்டில் சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பும் பழுப்புப் பாம்பும் இருக்கின்றன. சத்தமாகத் தரையை மிதித்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் காலை வைத்து நடந்தால், பெரும்பாலும் அவை உங்களுக்கு முன்னால் விலகிப் போய்விடும். பாறையோரத்தில் ஏதோ சரசரத்துத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தால் அலற வேண்டாம். அது வாட்டர் டிராகன் என்னும் பெரிய ஓணானாகத்தான் இருக்கும்.

ஒருவேளை கடித்துவிட்டால், ஊரில் சிலர் இன்னும் செய்வது போல் கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, கழுவவும் கூடாது. தோலில் படிந்த நஞ்சை மருத்துவமனையில் சோதிப்பார்கள் என்பதே கழுவக்கூடாததற்குக் காரணம். அகலமான இழுவைக் கட்டுத்துணியைக் கடிவாயின் மேல் தொடங்கி, பிறகு விரலிலிருந்து மேல்நோக்கி முழு உறுப்புக்கும், சுளுக்குக்குக் கட்டுவதுபோல் அழுத்தமாகச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, அவரை அப்படியே படுக்க வையுங்கள். ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். 000-க்கு அழையுங்கள். 'எமர்ஜென்சி பிளஸ்' செயலியைக் கைபேசியில் இப்போதே ஏற்றிவைத்தால் நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும். அலைவரிசை இல்லாத இடங்களுக்கென்று, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் பி.எல்.பி. கருவியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துக்கொள்ளலாம். கட்டுத்துணி இரண்டு இல்லாமல் நான் காட்டுக்குள் போவதில்லை.

ஃபனல் வெப் சிலந்திக்கும் இதே கட்டுதான். அதற்கான முறிமருந்து 1981-இல் வந்த பிறகு அந்தக் கடியால் உறுதியான மரணம் எதுவும் பதிவாகவில்லை. கரையில் கழற்றிவைத்த காலணியை உதறிவிட்டு மாட்டுங்கள், அது போதும்.

உண்மையில் நான் அஞ்சுவது உண்ணியைத்தான். கிழக்குக் கரையோரப் புதர்களில் இருக்கும் உண்ணி கடித்துப் பின்னாளில் ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னாலும் முடியோரத்திலும் அக்குளிலும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நகத்தால் கிள்ளிப் பிடுங்காதீர்கள். பிதுக்கினால் அதன் உமிழ்நீர் உள்ளே போகும். மருந்துக்கடையில் உண்ணியை உறையவைத்துக் கொல்லும் ஸ்பிரே கிடைக்கிறது. அதை அடித்துவிட்டு, செத்த உண்ணி தானாக உதிரும்வரை விட்டுவிடுங்கள்.

பதில் 4: தும்பி

மணற்பாறை அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. வலியுள்ள முழங்காலோடு 66 வயதுக்காரரை முதல் நடையிலேயே கார்லூவுக்கு அழைத்துப்போவது சரியல்ல. என் அப்பாவை அப்படித்தான் அழைத்துப் போனேன். முட்டிவலி ஏற்றத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் இறக்கத்திலேயே வந்துவிட்டது. அந்த உயரமான பாறைப்படிகளில் முழு எடையும் முட்டியின் மேல் இறங்குகிறது. திரும்பும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தார், எங்களுக்காக வலியை மறைத்தார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

அவருக்கும் சேர்த்து ஓர் இடம் வேண்டும் என்றால், நீலமலைப் பகுதியின் அடிவாரத்தில் கிளென்புரூக் ஓடையில் ஜெல்லிபீன் மடு இருக்கிறது. கிளென்புரூக் நிலையத்திலிருந்து பூங்கா நுழைவாயில் வரை சாலையோர நடை. அங்கிருந்து மடுவுக்குச் சில நிமிடங்களே ஆகும். கடைசியில் படிகள் உண்டு, ஆனால் அவை கொஞ்சம்தான். கீழே மணற்கரையில் அவர் உட்கார்ந்து பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மழைக்குப் பின் அங்கேயும் நீந்தக்கூடாது, ஊர்ச்சாக்கடை நீர் ஓடையில் கலந்துவிடும்.

பதில் 5: மணற்பாறை

தும்பி சொல்வது சரி. நான் முழங்காலை எளிதாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

பதில் 6: புதுநடை

எல்லோருக்கும் நன்றி. போய்வந்து எழுதுகிறேன் என்பதால் தாமதம். முதல் வாரம் நால்வருமாக ஜெல்லிபீன் மடுவுக்குப் போனோம். மாமனார் மணலில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு நீரில் ஒரு மணி நேரம் நின்றார். சில்லென்ற தண்ணீர் முட்டிக்கு நல்லது என்பது அவர் கட்சி.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் கார்லூவுக்குப் போனோம். காலை 7 மணிக்கெல்லாம் ஹீத்கோட்டில் இறங்கிவிட்டதால் மடு எங்களுக்கே எங்களுக்கென்று இருந்தது. நீண்ட குச்சியால் குத்தி ஆழம் பார்த்தோம். கரையிலிருந்து நான்கு அடி நகர்ந்ததும் குச்சிக்கு அடி எட்டவில்லை. மகன் நெஞ்சளவு நீரில் நின்று பற்கள் அடித்துக்கொள்ள 'சீராகிவிட்டது' என்று பொய் சொன்னான். இன்னும் இரண்டு நிமிடங்கள் நிற்க வைத்தோம். பதினொரு மணிக்குள் கிளம்பியும், ஏற்றம் எங்களுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடங்கள் எடுத்தது. மூவருக்குமாகக் கொண்டுபோன 7 லிட்டரில் நிலையத்துக்கு வந்தபோது அரை லிட்டர் மீதம் இருந்தது.

அன்றிரவு மனைவியின் காதுக்குப் பின்னால் எள்ளளவு கறுப்பாக ஒன்றைக் கண்டோம். ஸ்பிரே அடித்தோம், மறுநாள் பகலில் உதிர்ந்தது. அதைத் தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப்போக மகன் அனுமதி கேட்டான், கொடுக்கவில்லை.