ஸ்பிதி சுண்ணாம்புக்கல்: அமிலத்துக்குப் பிறகும் களிமண் கட்டி உடையவில்லை

இமாச்சல், ஸ்பிதி பள்ளத்தாக்கு, முத் கிராமத்தருகே எடுத்த மிகின் படிவத்தொகுதி (பாறை அடுக்குத் தொகுதி) மாதிரிகள், முற்கால டிரயாசிக் (சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்). கோனோடோன்டுகளுக்காக (பழங்காலக் கடல் உயிரிகளின் பல் போன்ற, பாஸ்பேட்டாலான நுண்புதைபடிவங்கள்) 1 கிலோ கல்லை 2–3 செ.மீ. துண்டுகளாக்கி 10% அசிட்டிக் அமிலத்தில் கரைக்கிறோம். கல் கரைகிறது. ஆனால் 63 மைக்ரான் சல்லடையில் சாம்பல் நிறக் களிமண் செதில்கள் உடையாமல் தங்கிவிடுகின்றன. கனமானவை மூழ்க, லேசானவை மிதக்கும்படி பிரிக்க, 2.8 அடர்த்தியுள்ள சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனத் திரவத்தில் இட்டால், செதிலுக்குள் சிக்கிய கோனோடோன்டுகளும் களிமண்ணோடு மிதந்துவிடுகின்றன. அதாவது, இருப்பதையே இழக்கிறோம்.

செய்து பார்த்தவை: புதிய அமிலத்தில் பழைய கரைசலையும் கலந்தோம், கால்சியம் அசிடேட் இருப்பதால் பாஸ்பேட் அரிக்கப்படவில்லை. களிமண்ணைப் பிரிக்கும் 5% சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டில் ஓர் இரவு ஊறியும் ஓரங்கள்தான் கரைந்தன. மீயொலித் தொட்டியில் கோனோடோன்டுகளின் பல்முனைகள் முறிந்ததால் நிறுத்திவிட்டோம். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம்: எச்சத்தில் பைரைட் உண்டு, அது ஆக்சிஜனேற்றமடைந்தால் கந்தக அமிலம் உண்டாகி கோனோடோன்டுகளையே தின்னும்.

மிச்சம் இருப்பது, உலர்ந்த எச்சத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வடித்து, வெந்நீர் ஊற்றும் முறை. நிற மாற்றக் குறியீட்டையும் (பாறை எவ்வளவு சூடேறியது என்பதைக் கோனோடோன்டின் நிறத்தால் அறியும் அளவு) இதே மாதிரிகளில் பார்க்க வேண்டும்.

இம்முறையைக் கோனோடோன்ட் எச்சத்தில் செய்தவர்கள், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள்?