சூரியக்கல்லா, கண்ணாடியா?

புதுக்குடியிருப்பிலிருந்து: கனடாச் சித்தி அனுப்பிய மோதிரத்தில் செம்மஞ்சள் கல். வெயிலில் உள்ளே செப்புத்தூள் போல மினுங்குகிறது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துச் சூரியக்கல் என்கிறார். இடப்பெயர்வில் அம்மாவின் தோடு போனபிறகு வீட்டுக்கு வந்த முதல் கல் இது. உண்மைதானா?

வவுனியா நகைப்பட்டறை: தங்கச்சி, மெதுவாகத் திருப்பிப் பாருங்கோ. எந்தப் பக்கமும் ஒரே சீராக மினுங்கினால் அது கோல்ட்ஸ்டோன், கண்ணாடி. சூரியக்கல்லில் செப்புத் தகடுகள் ஒரே திசையில் படிந்திருக்கும். ஒரு கோணத்தில் பளிச்சென்று எரியும், திருப்பினால் அணைந்துவிடும். அந்த அழகுக்காகவே நான் அதை விரும்புகிறேன்.

மாங்குளத்திலிருந்து: ஒரேகனில் 1987 முதல் அது மாநிலக் கல். எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையில் கிடைக்கிறது. பிளஷ் ஊருக்கு வடக்கே அரசு ஒதுக்கிய நிலத்தில் யாரும் இலவசமாகப் பொறுக்கலாம். எங்கள் மீட்டியாகொடைச் சந்திரகாந்தக்கல்லும் அதே ஃபெல்ட்ஸ்பார் கனிமக் குடும்பம்தான்.

புதுக்குடியிருப்பிலிருந்து: திருப்பினேன் அண்ணா, ஒரு கோணத்தில்தான் எரிகிறது! அம்மா கையை விட்டுக் கழற்ற மாட்டேன் என்கிறார்.

வவுனியா நகைப்பட்டறை: நல்ல அறிகுறி, சந்தோசம். ஆனால் கீறலைத் தாங்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான், மணலில் உள்ள குவார்ட்ஸ் கனிமம் 7, அது கல்லைக் கீறிவிடும். வயலுக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கோ.