பீரோ கதவில் விழுந்த சொட்டு: கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் வந்து மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

மாடிப்பட்டறை (தாம்பரம்)

அம்மாவின் கல்யாணச் சீர் பீரோ. நாற்பது வருஷத்துப் பச்சை. அதைச் சுரண்டி, பிரைமர் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டைக் கம்ப்ரசர் காற்றில் ஸ்ப்ரே அடிக்கலாம் என்று இறங்கினேன். இறங்கிய மாதம் ஐப்பசி. நல்ல நாள் பார்த்தேன், மழையைப் பார்க்கவில்லை.

இடது கதவு கண்ணாடி மாதிரி வந்தது. வலது கதவில் பாதி தாண்டும்போது ஸ்ப்ரே கன் ஒரு தடவை 'புளிச்' என்று துப்பியது. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வட்டம், நடுவில் பிரைமர் தெரிகிறது, சுற்றிலும் பொடிப்பொடியாகக் குமிழி. பி.யு.வை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்ட்னர் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் கொப்பளிக்குமாம். அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடையில் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர் ஒன்று கொடுத்தார்கள். கம்ப்ரசர் டேங்க் வாயிலேயே மாட்டினேன். இருபது நிமிஷம் ஒழுங்காக ஓடியது, மறுபடி 'புளிச்'. இன்னொன்று வாங்கி அதற்குப் பக்கத்திலேயே மாட்டினேன். அதற்கும் மசியவில்லை. வெறுத்துப்போய் கன்னைக் கழற்றி ஹோஸைத் தரையில் விட்டு ஊதினால், குளிர்ந்த தண்ணீர் என் காலில் கொட்டுகிறது. திரும்பிப் பார்த்தால் இரண்டு செபரேட்டரின் கிண்ணமும் காய்ந்து கிடக்கின்றன!

என்னுடையது 2 எச்பி, 50 லிட்டர் டேங்க். காற்றை உலர்த்தும் ட்ரையர் விலை விசாரித்தேன், அந்தக் காசுக்கு இன்னொரு கம்ப்ரசரே வாங்கலாம் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

பழைய ஃபிட்டர்

தம்பி, மில்லில் முப்பது வருஷம் ஏர் லைன் பார்த்தவன் சொல்கிறேன், மூன்றாவது செபரேட்டர் வாங்காதே. செபரேட்டர் காற்றைச் சுழற்றித் துளிகளைச் சுவரில் அடித்துக் கீழே இறக்கும். ஆவியை அதால் பிடிக்க முடியாது. டேங்கிலிருந்து சூடாக வரும் காற்றில் தண்ணீர் ஆவியாகவே கிண்ணத்தைத் தாண்டிப் போகிறது. நீண்ட ஹோஸில் ஆறிய பிறகுதான் தண்ணீராகிறது. இட்லிப் பானை மூடியைத் தூக்கிப் பார், ஆவி பட்டு ஆறிய இடத்தில்தானே சொட்டு நிற்கிறது?

கணக்கையும் பார்த்துவிடு. 32 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 27 கிராம் தண்ணீர் இருக்கும். உன் மிஷின் நிமிஷத்துக்கு 150 லிட்டர் காற்று தந்தால் மணிக்கு 9 கன மீட்டர், அதாவது 240 கிராம் தண்ணீர். 7 பார் அழுத்தத்துக்கு அமுக்கினால் அந்த 9 கன மீட்டர் ஒன்றேகாலுக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். ஆறிய பிறகு அவ்வளவு இடம் 40 கிராம் ஆவியைத்தான் தாங்கும். மீதி 200 மில்லி, ஒரு பெரிய டம்ளர், எங்கேயாவது விழுந்துதான் ஆகவேண்டும். உன் பீரோவில் விழுந்திருக்கிறது.

அதனால் காற்றை முதலில் ஆறவை. டேங்குக்கும் செபரேட்டருக்கும் நடுவே முப்பது அடி உலோகக் குழாயைச் சுவரில் மேலும் கீழுமாக ஏற்றி இறக்கு. கீழே வளையும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் வடிக்க ஒரு டிரெயின் காக். கிளை எடுப்பதாக இருந்தால் குழாயின் முதுகிலிருந்து எடு, வயிற்றிலிருந்து எடுத்தால் தண்ணீரும் கூடவே வரும். செபரேட்டரைக் குழாயின் கடைசியில் வை, அதற்கு அப்புறம் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர். அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பிரித்துவிட்டுப் பிறகு 2 பாருக்கு இறக்கினால், அதே காற்று விரிந்து இன்னும் உலர்ந்துவிடும். வரிசையை மாற்றினால் இந்த லாபம் போச்சு.

பி.வி.சி. குழாய் மட்டும் வேண்டாம். ஒரு பட்டறையில் அது வெடித்துச் சிதறிய சில்லு எதிர்ச் சுவர் பூச்சில் குத்தி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் அங்கே ஆள் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

பஞ்சர் பாபு

டேங்கைத் தினமும் வடியுங்கள் சார். நான் ஒரு மழைக்காலம் முழுக்க மறந்துவிட்டேன். மோட்டார் சும்மா சும்மா ஸ்டார்ட் ஆகிறதே என்று பிரஷர் சுவிட்சைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். அப்புறம் அடியில் இருந்த திருகைத் திறந்தால் டீ கலரில் அரை வாளி தண்ணீர். காற்று நிற்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் மோட்டார் என்ன செய்யும்? சுவிட்ச் காசு தண்டம். டேங்க் உள்ளே எவ்வளவு துருவோ, அதை நினைத்தால்தான் இன்னும் பயம்.

பொம்மைக்காரி

கொலுப் பொம்மைகளுக்கு ஏர்பிரஷ் அடிப்பவள் நான். எனக்குக் கொஞ்சக் காற்று போதும் என்பதால் சிலிக்கா ஜெல் குப்பி ஒன்று வைத்திருக்கிறேன். ஆரஞ்சு நிற மணிகள், ஈரம் குடித்தால் பச்சையாகும். 120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சு. நீலம் இளஞ்சிவப்பாக மாறும் ரகமும் உண்டு, அதில் நச்சான கோபால்ட் இருப்பதால் சமையல் ஓவனில் வைக்காதீர்கள். நான் பழைய ஓவன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

ஆனால் அண்ணா, தண்ணீரை முன்னாலேயே பிரிக்காமல் நேராக ஜெல்லில் விட்டால் அரை நாளில் முடிந்துவிடும். கம்ப்ரசர் எண்ணெய் பட்ட மணிகளை எவ்வளவு சூடாக்கினாலும் திரும்பாது. ஃபிட்டர் ஐயா சொல்லும் குழாயைப் போட்டுவிட்டு, தேவைப்பட்டால் கடைசியில் ஜெல்லை வையுங்கள்.

தேக்கு வாசம்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். தேக்குக் கதவுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தபோது முழுப் பலகையும் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. காற்று வரும் லைனில் தண்ணீர் என்று நினைத்துப் பில்டர், ஜெல் எல்லாம் மாட்டினேன். அப்படியே வெளுத்தது. பக்கத்துத் தெரு பாலிஷ்காரர் வந்து பார்த்துவிட்டு, "மழை நாள்ல எவன்யா லாக்கர் அடிப்பான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அறையில் இருக்கும் ஈரமே படலத்தில் படிகிறது. கம்ப்ரசருக்குச் சம்பந்தமே இல்லை. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேர்த்தால் சரியாகும், அல்லது வெயில் ஏறும்வரை காத்திருக்கலாம். பரப்பு முழுக்க வெளுத்தால் அறையைக் கவனியுங்கள், புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தால் லைனைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் பெயிண்ட் இல்லாமல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு நிமிஷம் ஊதிப் பாருங்கள், துளி விழுந்தால் லைனில்தான் தண்ணீர்.

மாடிப்பட்டறை (தாம்பரம்)

எல்லாருக்கும் நன்றி. ஏசி மெக்கானிக்கிடம் மிச்சம் கிடந்த செப்புக் குழாய் முப்பது அடி வாங்கினேன். உள்ளே பிசுபிசுப்பாக எண்ணெய் இருந்தது. அது பெயிண்டில் போனால் அது வேறு கதை என்று தின்னர் விட்டு இரண்டு முறை அலசி, ஊதிக் காயவைத்தேன். நிழல் விழும் சுவரில் மூன்று இறக்கம், மூன்று காக். ஹோஸ் இப்போது பத்தடிதான்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு முதல் காக்கைத் திறந்தேன், அரை டம்ளருக்கு மேல் வந்தது. இரண்டாவதில் ஒரு முட்டை ஸ்பூன் அளவு. மூன்றாவதில் வெறும் காற்று. செபரேட்டர் கிண்ணத்தின் அடியில் லேசாக ஈரம், கண்ணாடியில் ஊதினால் ஒன்றும் இல்லை. குழாயின் முதல் இரண்டு அடியில் கை வைக்க முடியவில்லை, கடைசியில் தொட்டால் சுவரும் குழாயும் ஒரே சூடு.

வலது கதவைத் திரும்பத் தேய்த்து நேற்று அடித்து முடித்தேன். அம்மா பிடிவாதத்தால் அதே பச்சை. கன் ஒரு தடவைகூடத் துப்பவில்லை. கீழ் மூலையில் மட்டும் ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருக்கிறது.